முகபாவம் அலசும் மென்பொருள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

காணொளி உரையாடல்களில் என் முகமும் குரலும் எதிரே இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதை அறிய, முகபாவத்தை அலசும் மென்பொருள் ஒன்றை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். தசையின் அசைவை அது வியக்கத்தக்க நுட்பத்தோடு பிடிக்கிறது. அந்த அசைவுக்கு உணர்ச்சியின் பெயரைச் சூட்டும்போதுதான் சறுக்குகிறது.

உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் வெளியிட்ட முகச் செயல் குறியீட்டு முறையே இதற்கு அடிப்படை; முகத்தசையின் ஒவ்வோர் அசைவையும் எண்ணிட்ட ஓர் அலகாகப் பிரித்துக் காட்டுவது அது. அதில் 4ஆம் அலகு புருவங்கள் இறங்கி நெருங்குவதையும், 12ஆம் அலகு உதட்டோரங்கள் மேலேறுவதையும் குறிக்கும். சிக்கலான கேள்விக்கு விடை யோசிக்கையில் என் புருவம் தானாகவே நெரிகிறது. உடனே திரையோரத்தில் 'கோபம்' என்ற பட்டை உயர்ந்துவிடுகிறது. துக்கம் விசாரிக்கையில், ஆறுதலாக இருக்கட்டுமென்று மெல்லப் புன்னகைத்தால் அதையும் 'மகிழ்ச்சி' என்றே பதிந்துகொள்கிறது. இரண்டு இடத்திலும் அசைவைப் பதிந்ததில் பிழையில்லை. எந்தப் பேச்சுக்கு நடுவே, யாரிடம், எதற்காக அந்தப் புருவம் நெரிந்தது என்பது கேமராவுக்கு எட்டாது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட விரிவான மீளாய்வும், முகத்தசை அசைவை மட்டும் வைத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கே வந்தது.

ஆகவே பெயர்ப் பட்டைகளை அணைத்துவிட்டு, இனிமை (உணர்வு இதமானதா, கசப்பானதா) ஓர் அச்சாகவும் கிளர்ச்சி (மனம் அமைதியாக உள்ளதா, பரபரப்பாக உள்ளதா) மற்றோர் அச்சாகவும் அமைந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்; என் முகத்தின் கணிப்பு அதில் ஒரு புள்ளியாக நகரும். உணர்ச்சிகளை இந்த இரு அச்சுகளைச் சுற்றி வட்டமாக அடுக்கி, உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1980-இல் முன்வைத்த வட்ட மாதிரியின் வழி வந்தது அந்த வரைபடம். இதன் பயன் பெரிது. புள்ளி எங்கே சட்டென்று தாவுகிறதோ அந்த இடத்தைப் பதிவில் ஓடவிட்டுப் பார்த்தால், நான் பேச்சை வேகப்படுத்தியதோ, மற்றவர் சொல்லி முடிக்குமுன் குறுக்கிட்டதோ தெரிந்துவிடுகிறது. (வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் புள்ளி தடுமாறும், விளக்கை முகத்துக்கு நேரே வைப்பது நல்லது.)

எதிரே இருப்பவரின் முகத்தை அலசும் வசதியும் உண்டு; அதை நான் தொடுவதில்லை. என் முகத்தைப் பற்றிய கணிப்பு தவறானால், நான் என்ன உணர்ந்தேன் என்பது எனக்கே தெரியும் என்பதால், அதைத் தள்ளிவிடலாம். பிறர் முகத்தைப் பொறுத்தவரை, அவரையே கேட்டாலொழிய அந்தச் சரிபார்ப்புக்கு வழியே இல்லை. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் மக்களின் உணர்ச்சியைக் கணிக்கும் இத்தகைய கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

அடுத்த பதிப்பிலாவது கணிப்பைத் திருத்தும் உரிமையைப் பயனருக்குக் கொடுக்க வேண்டும். இப்போது 'கோபம்' என்று பதிந்ததை அழிக்கலாமே தவிர, 'யோசனை' என்று மாற்றி எழுத இடமில்லை.