பெயர் தெரியாத வலி மாத்திரை

அம்மாவுக்குப் பல வருட இடுப்பு வலி. ஊருக்குப் போன கையோடு மெடிக்கல் கடையில் போய் நின்றேன். வழக்கம் தெரிந்ததுதானே, "இடுப்பு வலிக்கு ஒரு செட்" என்றால் போதும். கடைப் பையன் மூன்று அட்டைகளைக் கத்தரியால் நறுக்கி, கவரில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று நீட்டினான். துண்டுகளில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

"என்ன மாத்திரை தம்பி?"

"வலி மாத்திரைதான்க்கா."

நான் விடவில்லை. மீதி அட்டைகளை வாங்கிப் படித்தேன். ஒன்றில் அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், தசை இறுக்கத்துக்கான தயோகால்சிகோசைட் மூன்றும் சேர்ந்திருந்தன. இன்னொன்று டைக்ளோஃபெனாக். அசெக்ளோஃபெனாக்கும் அதுவும் ஒரே வகை வலி நிவாரணி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுப்புண் ஆபத்துதான் கூடும். அதற்குத்தானோ என்னவோ, மூன்றாவதாக வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரு பேன்டோப்ரசோல்!

என்னைக் கொதிக்க வைத்தது வேறு. அம்மா பிரஷருக்குப் போடுவது டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை. அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். வயது என்ன, வேறென்ன மாத்திரை போடுகிறார் என்று கடைப் பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பு அதே கல்லாவில் இருந்த பெரியவர், வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்பதைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் தரமாட்டார்.

நான் இருக்கும் லண்டனில் 2015 முதல் டைக்ளோஃபெனாக் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. பார்மசியில் ஐபுப்ரோஃபன் கேட்டாலும் அல்சர் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று விசாரிப்பார்கள். ஆனால் நாள்பட்ட வலி என்று டாக்டரைப் பார்க்க அங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரிலோ அன்று மாலையே ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

அவர் அந்த செட்டை அப்படியே நிறுத்தினார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். "பாராசிட்டமால் மட்டும் போட்டால் இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்காதும்மா" என்றார். பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பின் இடுப்பு வலி வழிகாட்டியும் 2016-இல் அதைத்தான் சொன்னது. கால்வரை இழுக்கும் நரம்பு வலி இல்லாததால் அதற்கான பிரீகபாலின் மாத்திரை வேண்டாம், தடவ ஜெல் போதும், தினமும் நடையும் உடற்பயிற்சியும் என்று பொறுமையாக விளக்கினார்.

அடுத்த முறை வீட்டுக்கு வீடியோ காலில் பேசும்போது, பெரியவர்கள் போடும் எல்லா அட்டைகளையும் கேமரா முன் காட்டச் சொல்லுங்கள். பெயர் அச்சடித்த பக்கம் நறுக்கப்பட்டிருந்தால், கடையில் முழு அட்டையாகவே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.