டிடபிள்யூஜி கோப்பு வந்தால் எந்த லைப்ரரி?

பினாங்கின் பிறையில் தகடு வெட்டும் சின்னப் பட்டறை எங்களுடையது. லேசர் இயந்திரம் கேட்பது டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளும், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் குத்தகைக்காரர்களும் அனுப்புவதோ பெரும்பாலும் டிடபிள்யூஜி, ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் சொந்தக் கோப்பு வகை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அந்த ஒரு படியில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. ஒரு பழைய மாற்றி மென்பொருள் வரைபடத்தை ஆர்12 என்ற பழைய டிஎக்ஸ்எஃப் பதிப்பாக மாற்றித் தந்தது. நாற்பது தகடு வெட்டிய பிறகுதான் நீள்வட்டத் துளைகள் ஒன்றுகூட இல்லை என்று கவனித்தோம். 1992இல் வந்த ஆர்12இல் நீள்வட்டம், ஸ்பிளைன் (வழவழப்பான வளைகோடு) என்ற உருப்படிகளே கிடையாது. அவற்றைச் சின்னச் சின்னக் கோடுகளாக உடைத்து எழுத வேண்டும். அந்த மென்பொருள் உடைக்கவும் இல்லை, விட்டுவிட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் மாற்றும் வேலையை நாங்களே எழுதுவது என்று முடிவெடுத்தோம். நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளில், திறமூலமாகக் கிடைக்கும் நான்கை எடுத்துப் பார்த்தேன்.

முதலில் கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம். டிஎக்ஸ்எஃப் பெரும்பாலும் வெறும் உரைக் கோப்பு. ஒரு வரியில் எண், அடுத்த வரியில் அதன் மதிப்பு: 0 என்றால் உருப்படியின் வகை, 8 என்றால் லேயர் (அது இருக்கும் அடுக்கு), 10, 20 என்றால் புள்ளியின் இடம். ஆட்டோகேட்டைச் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே இதன் விவரக்குறிப்பை வெளியிடுகிறது. டிடபிள்யூஜிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெளியில் இருப்பவர்கள் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். 2004 பதிப்பில் தரவைச் சுருக்கி வைக்கும் முறை வந்தது. 2007இல் அமைப்பையே மாற்றி, ரீட்-சாலமன் பிழைதிருத்தக் குறியீட்டையும் சேர்த்தார்கள். 2010இல் மறுபடி 2004ஐ ஒட்டிய அமைப்புக்கே திரும்பினார்கள். அதனால் 2007 கோப்பு என்றாலே லைப்ரரி எழுதுபவர்களுக்குத் தனிப் பாடு. எந்தப் பதிப்பு என்று அறிய, கோப்பின் முதல் ஆறு எழுத்துகளைப் பார்த்தால் போதும்: ஏசி1015 என்றால் 2000, ஏசி1021 என்றால் 2007, ஏசி1032 என்றால் 2018.

நான் அதிகம் நம்புவது ஈஸிடிஎக்ஸ்எஃப். பைத்தானில் எழுதியது, மூடிய மென்பொருளிலும் சேர்க்க விடும் எம்ஐடி உரிமம், ஆவணங்கள் பொறுமையாகவும் தெளிவாகவும் எழுதப்பட்டவை. அதில் எனக்குப் பிடித்தது, தனக்குப் புரியாததைத் தூக்கி எறியாத குணம். வேறு மென்பொருள்கள் சேர்த்து வைத்த தகவலைப் படித்து, திரும்ப எழுதும்போது அப்படியே வைத்துவிடுகிறது. பழுதான கோப்பைத் திறக்கத் தனி வழி இருக்கிறது. தணிக்கை ஓட்டினால் எங்கே என்ன பிழை என்று பட்டியல் தருகிறது. நீள்வட்டத்தையும் ஸ்பிளைனையும் எவ்வளவு நுணுக்கமாக உடைக்க வேண்டும் என்று நாமே அளவு சொல்லலாம், நாங்கள் 0.01 மில்லிமீட்டர் வைத்திருக்கிறோம். ஆர்12 ஆக ஏற்றுமதி செய்யவும் துணை நிரல் உண்டு. ஒரே குறை, டிடபிள்யூஜியை அதனால் நேராகத் திறக்க முடியாது. டிடபிள்யூஜி கருவிகள் செய்யும் கூட்டமைப்பான ஓப்பன் டிசைன் அலையன்ஸ் தரும் மாற்றியை அழைத்து வேலை வாங்கிக்கொள்ளும். அந்த மாற்றிக்குக் காசு இல்லை, ஆனால் அது திறமூலமும் இல்லை.

அந்த இடத்தை நிரப்புவது குனூ திட்டத்தின் லிப்ரேடிடபிள்யூஜி. சி மொழியில் எழுதியது. மிகப் பழைய பதிப்புகள் முதல் 2018 வரை படிக்கிறது. கூடவே வரும் கட்டளைக் கருவிகள் தங்கம்: ஒன்று டிஎக்ஸ்எஃப்பாக மாற்றும், ஒன்று லேயர்களைப் பட்டியலிடும், இன்னொன்று வரைபடத்துக்குள் சொல்லைத் தேடும். நூறு கோப்புகளில் ஒரு பாக எண்ணைத் தேடும் நாளில் அதன் அருமை தெரியும். எழுதுவதில் மட்டும் அதை நம்பி இறங்க வேண்டாம். 2000 பதிப்புவரை சரி, அதற்கு மேல் இன்னும் சோதனை நிலை.

அதன் உரிமம் ஜிபிஎல் 3. எங்களைப் போல உள்ளுக்குள் பயன்படுத்துபவர்களுக்குத் தொல்லை இல்லை. மூடிய மென்பொருளில் இணைத்து விற்க நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. லிப்ரேகேட் என்ற திறமூல வரைபட மென்பொருள் இதனாலேயே முட்டிக்கொண்டது: அதன் நிரல் ஜிபிஎல் 2, இரண்டும் ஒன்றுசேராது. அதனால் அவர்கள் தங்களுக்கென்று லிப்டிஎக்ஸ்எஃப்ஆர்டபிள்யூ என்ற சி++ லைப்ரரியை வைத்துக்கொண்டார்கள். நான் பார்த்த பதிப்பில் அது டிஎக்ஸ்எஃப்பைப் படித்து எழுதியது. டிடபிள்யூஜியைப் படிக்க மட்டும் செய்தது. சி++இல் சொந்தமாக ஒரு வரைபடக் காட்டி செய்பவர்களுக்குப் போதும், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

சி ஷார்ப்பில் வேலை செய்யும் தம்பிமார்களுக்கு நான் சொல்வது ஏகேட்ஷார்ப். எம்ஐடி உரிமத்தோடு டிடபிள்யூஜியைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. 2007 பதிப்பில் மட்டும் எழுதாது, படிக்கும். வாடிக்கையாளருக்கு டிடபிள்யூஜியாகவே திருப்பித் தர வேண்டிய வேலை என்றால் நான் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

தமிழ் எழுத்து எப்படி வருகிறது? கோயில் உபயதாரர் பலகைகள் அடிக்கடி வெட்டுகிறோம், அதனால் எங்களுக்கு இது பெரிய விஷயம். 2007 பதிப்பு முதல் டிஎக்ஸ்எஃப், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் இருக்கும், தமிழ் அப்படியே உட்காரும். அதற்கு முந்தையவற்றில் ஒவ்வொரு எழுத்தும் அதன் யூனிகோட் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஈஸிடிஎக்ஸ்எஃப் அதைச் சரியாகப் படித்து எழுத்தாக்குகிறது. ஆனால் உரையை வெட்டுக்கோடாக மாற்றச் சொன்னபோது 'கோயில்' உடைந்து வந்தது. கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. எழுத்துருவில் இருக்கும் வடிவங்களை வரிசையாக அடுக்குகிறதே தவிர, குறிகளை உரிய இடத்தில் வைத்துத் தமிழுக்கு வேண்டிய எழுத்துக்கோப்பைச் செய்வதில்லை.

அதனால் பெயர்களை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, அங்கேயே பாதையாக மாற்றி, டிஎக்ஸ்எஃப்பாகச் சேமிக்கிறோம். அப்புறம் ஈஸிடிஎக்ஸ்எஃப் அதைப் பலகையின் வரைபடத்தோடு சேர்க்கிறது. வெட்டுவதற்கு முன் உபயதாரர் பெயரை அச்செடுத்து, அவர் வீட்டார் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம்.