முதல் ரீலோடிங் பிரஸ்: ஒற்றை நிலையா, டரட்டா?

அமெரிக்காவில், சுட்டு முடித்த பித்தளை உறையில் புதிய பிரைமரும் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் பொருத்தித் தோட்டாவாக்கும் ரீலோடிங்கைப் பழகுபவர்கள், அதற்கான நெம்புகோல் அழுத்தக் கருவியான பிரஸ்ஸை வாங்கும்போது ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் போன்ற ஒற்றை நிலை பிரஸ்ஸுக்கும் லீ நிறுவனத்தின் நான்கு துளை டரட் (சுழல்தலை) பிரஸ்ஸுக்கும் இடையே தயங்குவதுண்டு. முன்னதில் ஒரு நேரத்தில் ஒரு டை (உறையைச் சீராக்குதல், குண்டைப் பொருத்துதல் போன்ற ஒவ்வொரு வேலைக்குமான அச்சு) மட்டுமே நிற்பதால், எடுத்துக்கொண்ட உறைகள் 50 என்றால் 50-க்கும் ஒரு வேலையை முடித்த பின்னரே அடுத்த டையை மாட்ட வேண்டியிருக்கும். வேகம் குறைவுதான், ஆனால் மருந்திட்ட உறைகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, எதிலேனும் இருமுறை மருந்து விழுந்திருக்கிறதா என்று விளக்கொளியில் ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம். டரட்டில் டைகள் அனைத்தும் தலையிலேயே இருக்க, நெம்புகோலை இயக்கும்போது தலை தானே சுழல்வதால் ஒவ்வொரு தோட்டாவும் முழுமையாக முடிந்தே வெளிவரும்; கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மிகுதியாகச் செய்பவருக்கு அது வசதி, எனினும் ஒவ்வொரு உறைக்குள்ளும் தனித்தனியே எட்டிப் பார்த்தாக வேண்டும்.

ரைஃபிளுக்கும் பொறுமைசாலிக்கும் ஒற்றை நிலையையே பரிந்துரைப்பேன். பின்னர் டரட்டுக்கு மாறினாலும் வாங்கிய டைகள் வீணாகா. இரண்டிலும் டை மாட்டும் இடத்தில் 7/8 அங்குல மரையே (திருகுப் புரி). எதை வாங்கினாலும் நம்பகமான தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், மருந்தளவுகளைத் தரும் அண்மைப் பதிப்புக் கையேடு ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. உறைகளை மெருகேற்றும் டம்ளர் எனும் இயந்திரம் பிறகு வரட்டும்.