வடசென்னையில் புது வீட்டுக்கு லேண்ட்லைனும் நெட்டும்: பிஎஸ்என்எல் ஃபைபர் எடுக்கலாமா?

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு லேண்ட்லைனும் நெட்டும் ஒரே பில்லில் வேண்டுமென்றால் பிஎஸ்என்எல் ஃபைபரைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் உங்கள் தெருவுக்கு வயர் இழுக்கிற லோக்கல் பார்ட்னர் யார் என்று விசாரித்த பிறகே விண்ணப்பம் கொடுங்கள். பில் பிஎஸ்என்எல் பெயரில் வந்தாலும், கம்பத்திலிருந்து வீடு வரைக்குமான வேலையும் ரிப்பேரும் பெரும்பாலும் அந்தப் பார்ட்னரிடம்தான். ஒரே பிளான் ஒரு தெருவில் நல்ல பெயரும் அடுத்த தெருவில் கெட்ட பெயரும் வாங்குவது இதனால்தான். பக்கத்து வீட்டில் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்காதீர்கள். போன மழைக்கு லைன் போனபோது எத்தனை நாளில் ஆள் வந்தது என்று கேளுங்கள்.

ஃபைபர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஃபைபர் கிடையாது. சில லோக்கல் ஆபரேட்டர்கள் தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கிருந்து மொட்டை மாடி வழியாகச் செம்புக் கம்பியாலான லேன் கேபிள் இழுத்துவிடுவார்கள். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. நடுவில் நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அது இருக்கிற வீட்டில் கரண்ட் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் நின்றுவிடும். அசல் ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஸ்பிளிட்டர் மட்டும், அதாவது ஒரு ஃபைபரில் வரும் வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் சின்னப் பெட்டி. அதற்குக் கரண்டே தேவையில்லை. வீட்டுக்குள் வரும் முனையில் சதுரமான பச்சை கனெக்டர் இருந்தால் ஃபைபர், டெலிபோன் பின் மாதிரி சற்று அகலமான பிளாஸ்டிக் பின் இருந்தால் லேன்.

இந்தப் பகுதியில் லைன் அறுவதற்கு ஒரு காரணம் கன்டெய்னர் லாரி. எண்ணூர் நெடுஞ்சாலையையோ துறைமுகம் போகிற சாலைகளையோ குறுக்காகக் கடந்து வரும் கேபிள் கொஞ்சம் தொய்ந்தாலும் கன்டெய்னரின் மேல்முனையில் மாட்டி இழுபட்டுவிடும். உங்கள் வீட்டுப் பக்கத்துக் கம்பத்திலிருந்தே வயர் எடுக்கச் சொல்லுங்கள். எதிர்சாரியிலிருந்து வேண்டாம். கடலோரத் தெருக்களில் இன்னொரு தொல்லை உண்டு: கேபிளோடு வரும் தாங்கு கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து அறும். அது அறுந்ததும் மொத்தப் பாரமும் ஃபைபர் மேல் விழும். சுவர்த் துளைக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே விட வேண்டும். அப்போதுதான் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், சுவருக்குள் வராது. துளையைச் சிமென்டோ சிலிகானோ வைத்து அடைக்காமல் விட்டால் எலிக்கு வழி.

வேலை முடிந்ததும் ஆள் கிளம்புவதற்கு முன்னால் ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் பலத்தைப் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவு டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும், மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு. மைனஸ் 18-க்கும் 23-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 25-ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடும், மழைக்காலத்தில் விட்டு விட்டு வரும். மைனஸ் 27-ஐயும் தாண்டினால் மோடத்தில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பிக்கும். ஒரு ஃபைபரை 32 வீட்டுக்குப் பிரித்தாலே சுமார் 17 டெசிபல் போய்விடும், அதனால் மிச்சம் இருப்பதை வீணாக்கக் கூடாது. வீணாவது முக்கால்வாசி கனெக்டரில்தான். கையால் அழுத்திப் பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டர் இரண்டு நிமிட வேலை, ஆனால் நாளாக நாளாக வெயிலில் நெகிழும். மெஷினில் வைத்து ஒட்டும் ஸ்பிளைசிங் 0.1 டெசிபல்கூட இழக்காது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். பச்சை முனையை நீல அடாப்டரில் சொருகுவது பெரிய தப்பு. பார்க்கப் பொருந்தும், உள்ளே முனைகள் சரியாக ஒட்டாமல் வெளிச்சம் சிதறும். வீட்டுக்குள் கேபிளை ஆணிக்கடியில் நசுக்கியோ மூலையில் செங்குத்தாக மடித்தோ ஒட்ட விடாதீர்கள்.

லேண்ட்லைன் விஷயத்தில் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒன்று கட்டாயம் தெரிய வேண்டும். பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் போன் மோடத்திலிருந்து வருகிறது. கரண்ட் போனால் 044 நம்பரும் செத்துவிடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டர் லேபிளில் ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் குறையாமல் எடுக்க வேண்டும். மோடம் 8 வாட் இழுத்தால் 30 வாட்-அவர் பேட்டரி சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். சுழற்று டயல் போன் பல மோடங்களில் வேலை செய்யாது, பட்டன் போன் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் பழைய டெலிபோன் வயரிங் இருந்தால், வெளியிலிருந்து வரும் செம்பு லைனைக் கழற்றிய பிறகே மோடத்தின் போன் போர்ட்டில் இணைக்க வேண்டும்.

மோடத்தை வாசல் பக்கமே வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். கேபிளை நடு அறைவரை இழுக்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டு வீடுகளின் கனத்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் படுத்துவிடும். டிவிக்கு முடிந்தால் லேன் வயரே போடுங்கள்.

பிளானில் 3300 ஜிபி என்று எல்லை போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி என்று வைத்தால் 1100 மணி நேரம் வரும், மாதத்துக்கு மொத்தமே 720 மணி நேரம்தான். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஆதார், வாடகை ஒப்பந்தம் இரண்டும் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே நம்பர் இருந்தால் புது இணைப்பு வேண்டாம், ஷிஃப்டிங் கேளுங்கள். அதே நம்பர் தொடருமா என்பதைப் பழைய லைனைத் துண்டிக்கும் முன் உறுதி செய்யுங்கள். மோடம் வாடகையா சொந்தமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், பின்பக்கத்துச் சீரியல் நம்பரோடு.