லீவில் வந்த இடத்தில் சீழ்க்கட்டியா? கல்ச்சர் எடுக்காமல் மாத்திரை வேண்டாம்

வெளிநாட்டில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்து பார்க்கும் தோல் டாக்டரை, ஊருக்கு வந்தால் பெரும்பாலும் அன்று மாலையே பார்த்துவிடலாம். கையோடு சீட்டும் மாத்திரையும் கிடைத்துவிடும். அந்த அவசரத்தில் விட்டுப்போவது சீழைக் கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பும் வேலை. லீவு முடிந்து கிளம்புகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதில் வழக்கமான மருந்துகளை எதிர்த்து நிற்கும் எம்ஆர்எஸ்ஏ (MRSA) வகையாக இருந்தால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், செஃபலெக்சின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் டோஸைக் கூட்டினாலும் பலிக்காது; அந்த மருந்துகள் பிடிக்க முடியாத ஒரு புரதத்தை வைத்துக் கிருமி தன் சுவரைக் கட்டிக்கொள்கிறது.

பழுத்த கட்டிக்கு முதல் வைத்தியம் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். சீழ்ப்பைக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. கீறும்போதே, மேல்தோலைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளிருந்து சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேலே வழிந்ததைப் பஞ்சில் தொட்டெடுத்தால் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிகளும் சேர்ந்து வளர்ந்து ரிப்போர்ட்டைக் குழப்பிவிடும். முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும் என்பதால் கிளம்பும் வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் மருந்துக்கு நேரே 'ஆர்' (R) என்றால் அது பலிக்காது, 'எஸ்' (S) என்றால் பலிக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்து, செஃபாக்சிடின் என்ற மருந்துக்கு நேரே 'ஆர்' இருந்தால் அது எம்ஆர்எஸ்ஏ. எரித்ரோமைசின் 'ஆர்', கிளிண்டாமைசின் 'எஸ்' என்று வந்தால் டி-டெஸ்ட் செய்தார்களா என்று அவசியம் கேளுங்கள். கிருமி வளரும் தட்டில் இரண்டு மருந்து வில்லைகளையும் அருகருகே வைக்கும்போது, கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகிறதா என்று பார்ப்பார்கள். தட்டையானால், 'எஸ்' என்று போட்டிருந்தாலும் கிளிண்டாமைசின் பாதியில் பலிக்காமல் போய்விடலாம்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டால் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த க்ரீமை நீட்டுவதுண்டு. வாங்காதீர்கள். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிவிடும். அடியில் தொற்று பரவும். மியூபிரோசின், ஃபியூசிடிக் ஆசிட் போன்ற ஆன்டிபயாடிக் களிம்புகளையும் மாதக்கணக்கில் தடவினால் அவற்றுக்கே எதிர்ப்பு வளரும்.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பலமடங்கு இருந்தாலோ கிளினிக் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

திரும்பும்போது கல்ச்சர் ரிப்போர்ட்டோடு, சாப்பிட்ட மருந்தின் மூலப்பெயர், டோஸ், நாள்கணக்கையும் எழுதி வாங்குங்கள். பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. ஊரில் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால் அதையும் அங்குள்ள டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நெதர்லாந்து போன்ற நாடுகளில் அப்படி வருகிறவர்களை வார்டில் சேர்க்கும்போது மூக்கிலிருந்து மாதிரி எடுத்து எம்ஆர்எஸ்ஏ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.