எங்கே பார்த்த படம்? ஊர்த் தியேட்டர், திருச்சி மல்டிபிளெக்ஸ், வீட்டு டிவி: ஓர் ஒப்பீடு

'மெய்யழகன்' பற்றி டெல்டாவில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மூன்று கட்சியில் ஒன்றில்தான் இருக்கிறார்கள். நீடாமங்கலத்துக் கல்யாணம், விடிய விடியப் பேச்சு, அழுதே விட்டேன் என்பது ஒரு கட்சி. பேசிக்கிட்டே இருக்காங்க, பாதி வசனம் புரியவே இல்லை என்பது அடுத்தது. ராத்திரிக் காட்சியெல்லாம் ஒரே இருட்டு, முகமே தெரியலை என்பது மூன்றாவது. 2024 செப்டம்பர் 27 அன்று 177 நிமிடப் படமாக வந்ததை, சில நாட்களிலேயே இயக்குநர் பிரேம்குமார் 18 நிமிடத்துக்கு மேல் குறைத்தார். ஆகவே முதல் நாள் பார்த்தவரும் பத்தாம் நாள் பார்த்தவரும் பார்த்தது ஒரே படம்கூட இல்லை. ஆனால் 'புரியலை', 'இருட்டு' என்ற இரண்டு புகாருக்கும் அந்த வெட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அவை பெரும்பாலும் பார்த்த இடத்தின் புகார்கள்.

அதனால் படத்தைப் பற்றி வழக்காடும் முன் எங்கே பார்த்தது என்று கேட்டுவிடுவது நல்லது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை ரசிகருக்கு இருக்கிற வழிகள் மூன்று: ஊரிலுள்ள ஒற்றைத் திரை, திருச்சி மல்டிபிளெக்ஸ், சில வாரம் பொறுத்து வீட்டு டிவி. எது எதில் ஜெயிக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பார்ப்போம்.

வெளிச்சம்

தியேட்டர் திரைக்கென ஒப்புக்கொண்ட அளவு 14 அடி-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் டிஐ அறையில் இருப்பவர்கள் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் 'ராத்திரி இவ்வளவு இருட்டு போதும்' என்று முடிவு செய்கிறார்கள். தியேட்டர் அதில் பாதிதான் தருகிறது என்றால் பகல் காட்சி தப்பிக்கும், ராத்திரிக் காட்சி மொத்தமாகப் போய்விடும்.

ஊர்த் தியேட்டரில் வெளிச்சம் குறைய முதல் காரணம் புரொஜெக்டருக்குள் எரியும் செனான் விளக்கு. அதன் ஆயுள் 1000 முதல் 2000 மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு ஆட்டம் என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் எரிகிறது. நாலைந்து மாதத்தில் மாற்றியாக வேண்டும். விலை உறுத்துவதால் 'இந்தப் படம் ஓடட்டும், அடுத்த படத்துக்கு மாத்திக்கலாம்' என்று தள்ளுவார்கள். இரண்டாவது, 3டி படத்துக்காக மாட்டிய சில்வர் ஸ்கிரீன். 3டி வருவது வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான், ஆனால் அந்தத் திரை வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். அது வெளிச்சத்தை நேர் எதிரே குவித்து அனுப்பும். நடு இருக்கைக்குப் பளிச், ஓரத்து இருக்கைக்கு மங்கல். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: ஆபரேட்டர் அறையின் கண்ணாடி. புகையும் தூசியும் படிந்து எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருக்கும். ஒரு துணியால் தீருகிற வியாதி.

எது காரணம் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். வெள்ளைச் சுவரோ வானமோ வரும் காட்சியில் திரையின் நடுவையும் மூலைகளையும் பாருங்கள். நடு வெளுத்து மூலை இருண்டால் சில்வர் ஸ்கிரீன். நடு வரிசைக்கு, கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் பாதி சரியாகும். மொத்தமும் மங்கி லேசாகத் துடித்தால் விளக்கு. எந்த இருக்கையும் உதவாது. விளக்கு, நிலா போன்றவற்றைச் சுற்றிப் புகை வட்டம் தெரிந்தால் கண்ணாடி அழுக்கு. இடைவேளையில் சொன்னால் துடைக்கிற ஆபரேட்டர்களும் இருக்கிறார்கள்.

மல்டிபிளெக்ஸில் லேசர் புரொஜெக்டர் இருந்தால் விளக்குப் பிரச்சினை இல்லை, 20,000 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் மல்டிபிளெக்ஸ் என்ற பெயர் இருப்பதாலேயே லேசர் என்று நினைக்கக் கூடாது. ஒரே வளாகத்தில் ஒரு திரைக்கு லேசர், பக்கத்துத் திரைக்குப் பழைய செனான் என்பதெல்லாம் சகஜம். புக்கிங் செயலியில் திரைக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வண்டி ஏறலாம்.

டிவியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே சிக்கல் கறுப்பு. சாதாரண எல்இடி டிவியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். எதிர்ச் சுவரில் டியூப்லைட் எரிந்தால் ராத்திரிக் காட்சியில் ஹீரோவுக்குப் பதில் உங்கள் ஹால்தான் தெரியும். விளக்கை அணைத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு மட்டும் போடுங்கள். அமைப்புகளில் மின்சேமிப்பையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் வசதியையும் நிறுத்துங்கள். இருட்டுக் காட்சியில் படம் இன்னும் இருண்டு போவதற்கு முக்கால்வாசி இந்த இரண்டும்தான் காரணம்.

வசனம்

படத்தை விட ஒலியில்தான் வித்தியாசம் அதிகம், சண்டையும் அதிகம்.

வசனம் முக்கால் பங்கு திரைக்குப் பின்னாலிருக்கும் நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஒலிக்கலவை செய்யும் இடத்தில் டால்பி கருவியின் ஒலிக் குமிழை 7-ல் வைத்துத்தான் கேட்கிறார்கள். தியேட்டரிலும் 7 வைத்தால்தான் அவர்கள் கேட்டது நமக்குக் கேட்கும். ஆனால் ஒருவர் 'சத்தம் ஜாஸ்தி' என்று சொன்னதும் 5-க்கு இறக்குவார்கள், அதற்கப்புறம் யாரும் ஏற்றுவதில்லை. அந்தக் கருவியில் 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் மூன்றேகால் டெசிபல் சொச்சம். 7-லிருந்து 5 என்றால் ஏழு டெசிபல் நெருங்கிய இழப்பு. சண்டைக் காட்சிக்கு அது உறைக்காது. கிசுகிசுப் பேச்சுக்கு அதுதான் உயிர். 4-க்குக் கீழே போனால் இறக்கம் இன்னும் செங்குத்து. மெதுவாகப் பேசும் படம் 'புரியலை' என்று பெயர் வாங்குவதும், கத்திப் பேசும் படம் 'செம' என்று பெயர் வாங்குவதும் பாதி இந்தக் குமிழின் வேலை.

ஊர்த் தியேட்டரில் இதோடு மின்விசிறி இரைச்சலும் சேரும். ஷீட் கூரை என்றால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வசனப் படத்துக்குப் போவது வீண். மழை விட்ட நாளில் போங்கள், இல்லை பாட்டும் அடிதடியும் உள்ள படத்துக்குப் போங்கள். இருக்கையும் முக்கியம்: பழைய தியேட்டரில் பால்கனிக்கு அடியில் வரும் கடைசி வரிசைகளில் மேலே கூரை தாழ்வாக இருப்பதால் சுற்றொலியும் கூர்மையான ஒலியும் அடைபட்டுவிடும். பால்கனி நிழல் தொடங்குவதற்கு இரண்டு வரிசை முன்னால், நடுவில் உட்காருங்கள். பால்கனியிலேயே என்றால் முதல் வரிசையைத் தவிருங்கள், கைப்பிடிக் கம்பி படத்தின் அடியை மறைக்கும். இரண்டாவது மூன்றாவது வரிசை பிரமாதம்.

விசிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய நடிகர் படத்துக்கு முதல் மூன்று நாள் ஊர்த் தியேட்டரில் வசனம் கேட்காது, கேட்கப் போகவும் யாரும் இல்லை. குறுவை நெல் விற்ற காசு கையில் இருக்கும் தீபாவளி, சம்பா அறுவடையை ஒட்டிய பொங்கல், இந்த இரண்டு சமயத்திலும் அந்தக் கூட்டமே படத்தின் பாதி. திருச்சியில் காசு கொடுத்து வாங்கும் அமைதியில் அதே படம் சப்பென்று இருக்கும். இது தொழில்நுட்பக் கணக்கில் வராத விஷயம், ஆனால் படத்தின் மேல் ஒருவருக்கு வரும் அபிப்பிராயத்தை வேறெதையும் விட அதிகமாக மாற்றுவது இதுதான்.

டிவியில் வசனம் கேட்காததற்குக் காரணம் வேறு. ஓடிடி செயலி ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை அனுப்புகிறது. டிவிக்கு இருப்பதோ கீழ்நோக்கிய இரண்டு சின்ன ஸ்பீக்கர். நடு ஸ்பீக்கர் ஒலி இரண்டிலும் பிரிந்து பின்னணி இசைக்குள் அமுங்கிவிடும். செலவில்லாத தீர்வு: ஒலி மெனுவில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது, டிவியில் குரலைத் தெளிவாக்கும் வசதியை இயக்குவது. காசு போடுவதாக இருந்தால் 3.1 சவுண்ட்பார் வாங்குங்கள். அந்த 3-ல் ஒன்று வசனத்துக்கான நடு ஸ்பீக்கர். 2.1 வாங்கினால் 'தம் தம்' என்ற அடியொலி மட்டும் கூடும், வசனம் அப்படியேதான் இருக்கும். அதை டிவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில்தான் செருக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகிவிட்டு 'சவுண்ட்பாரே வேலை செய்யலை' என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் ஏராளம்.

திரையின் அளவு

இங்கே ஊர்த் தியேட்டர் கம்பீரமாக ஜெயிக்கிறது, இதை மல்டிபிளெக்ஸ் மோகத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் பெரிய படங்கள் பெரும்பாலும் ஸ்கோப். உயரம் 1 என்றால் அகலம் 2.39. பழைய ஒற்றைத் திரை 45 அடி அகலம் இருந்தால் படம் ஏறக்குறைய 19 அடி உயரம். மல்டிபிளெக்ஸின் சின்ன அரங்கில் 20 அடித் திரையில் அதே படம் எட்டரை அடிகூட இல்லை, மேலேயும் கீழேயும் சாம்பல் பட்டை வேறு. திருச்சிக்குப் போவதாக இருந்தால் அந்த வளாகத்தின் பெரிய திரையில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கை வரைபடத்தில் இருக்கைகளை எண்ணுங்கள். நூறைத் தொடாத அரங்கு என்றால் பஸ் காசு நஷ்டம்.

கண் நிறையப் பார்க்க, திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். 43 அங்குல டிவியின் அகலம் மூன்றடி சொச்சம், ஆகவே ஐந்தடி தூரம் போதும். நம் வீடுகளில் சோபா பத்தடி தள்ளி இருக்கும். பத்தடியில் அதே நிறைவு வேண்டுமென்றால் 90 அங்குல டிவி வேண்டும். டிவி வாங்குவதை விட நாற்காலியை முன்னால் இழுப்பது மலிவு.

இன்னொன்று, 'நடிப்பு சீரியல் மாதிரி இருக்கு' என்ற புகார். படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). டிவி இடையில் தானே பொய்ச் சட்டகங்களைப் போட்டு நிரப்பி வழவழப்பாக்குகிறது. சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர், எதுவானாலும் அணையுங்கள். பட வகையை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று மாற்றி, ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்துவிடுங்கள். கடையில் பளிச்சென்று காட்ட வைத்த விவிட் வகையிலேயே வருஷக்கணக்கில் படம் பார்க்கும் வீடுகள் உண்டு.

காசும் கடைசி பஸ்ஸும்

2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 100-ஐத் தாண்டினால் 18. ஆக, 100 ரூபாய் டிக்கெட் 105, 110 ரூபாய் டிக்கெட் 129.80. உள்ளாட்சி கேளிக்கை வரி இதற்கு மேல் தனி. ஊர்த் தியேட்டருக்கு இந்தக் கோடு பெரிய வசதி. கவுன்டரில் வாங்கினால் ஆன்லைன் கட்டணமும் மிச்சம், நாலு பேர் குடும்பத்துக்கு அதுவே நூறைத் தாண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஒன்றரை மணி நேரம், பரவாயில்லை. கும்பகோணத்திலிருந்து இரண்டரைக்குக் குறையாது. போய்வர ஐந்து மணி நேரம், படம் இரண்டே முக்கால். மதிய ஆட்டம் தவிர எதுவும் சரிப்படாது. முதல் நாள் முதல் காட்சிக்கு வெளியூர் போவது இன்னும் மோசம். படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, கேடிஎம் என்பார்கள், அந்தந்த சர்வருக்கும் அந்தந்த நேரத்துக்கும் தனியாக வரும். பைசா பாக்கி தீராமல் அது தாமதமானால் கேட் வாசலில் நிற்க வேண்டியதுதான். சொந்த ஊர் என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டாவது வரலாம்.

ஓடிடியின் கணக்கு டேட்டாவில் இருக்கிறது. எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே-யில் 7 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி தரும் செல்போன் திட்டத்தில் ஒரு முழுப் படம் எச்டியில் அடங்காது. பாதியில் படம் களிம்பு பூசியது போல மங்கும். செல்போனுக்கு மட்டுமான மலிவு நெட்ஃபிளிக்ஸ் திட்டம் 480 வரிசைத் தரம்தான் தரும். பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் இந்தியாவிலும் விளம்பரம் வருகிறது, தவிர்க்கத் தனிக் காசு. கைப்பேசியில் நாலு தவணையாகப் பார்த்துவிட்டு 'ஸ்லோ' என்று தீர்ப்புச் சொல்கிறவருடன் வாதிட வேண்டாம்.

பெரிய நடிகர் படம், பாட்டு, திருவிழா ரிலீஸ் எல்லாம் ஊர்த் தியேட்டருக்கு, அகலத் திரைக்காகவும் கூட்டத்துக்காகவும். ஒலியை நம்பி எடுத்த திகில் படமும் 3டி படமும் திருச்சிக்கு, பெரிய அரங்கு கிடைத்தால் மட்டும். 3டி கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கும், தேய்ந்த விளக்கில் அது இரவுக் குருட்டுத்தனம்தான். சின்ன நடிகர்களின் படம் ஊரில் காலை ஆட்டம் ஒன்றோடு ஒரு வாரத்தில் போய்விடும். வெள்ளி சனியில் பிடித்தால் உண்டு, தவறினால் சில வாரம் பொறுத்து வீட்டில், விளக்கை அணைத்து, நாற்காலியை முன்னால் இழுத்து. 'மெய்யழகன்' மாதிரிப் பேச்சுப் படத்துக்கு என் ஓட்டு, குமிழை 6-க்குக் குறையாமல் வைக்கிற ஏதாவது ஒரு ஊர்த் தியேட்டரின் திங்கள்கிழமை மாலை ஆட்டத்துக்கு. அப்படி ஒரு தியேட்டர் உங்கள் பக்கம் இல்லையென்றால், சவுண்ட்பார் உள்ள வீடு திருச்சியின் சின்ன அரங்கை விட மேல்.