மோர்ஸ் எழுதி வாங்கும் உரிமம், எழுதாமல் வாங்கும் உரிமம்

நானும் நண்பர் ஒருவரும் ஒரே வருடம்தான் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வதற்கான உரிமத் தேர்வுக்குப் படித்தோம். அவர் மோர்ஸ் (எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாக அனுப்பும் குறியீடு) உள்ள ஜெனரல் கிரேடு எழுதினார், நான் மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. அவருக்கு வி.யூ.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வந்தது, எனக்கு வி.யூ.3. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, அரை ஹாம்!" என்பார். பின்னாளில் நானும் ஜெனரல் எழுதித் தேறியதால் இரண்டு வழியும் ஓரளவு தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெனரலுக்குச் சலுகை அதிகம், கூடுதல் சக்தியில் அனுப்பலாம். ரெஸ்ட்ரிக்டடில் படிப்பு குறைவு, சீக்கிரம் மைக்கைப் பிடிக்கலாம்.

மோர்ஸ் கட்டாயமா என்ற வழக்கு உலக அளவில் எப்போதோ தீர்ந்துவிட்டது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைவரிசைகளுக்கு வர மோர்ஸ் தெரிந்தே ஆகவேண்டும் என்ற சர்வதேச விதியை, 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. பிரிட்டனும் ஜெர்மனியும் அதே ஆண்டு தேர்வை எடுத்துவிட்டன. அமெரிக்கா 2007 பிப்ரவரியில் எடுத்தது. நாங்கள் எழுதியபோது இங்கே ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் கேட்டார்கள்.

என் கணக்கில் எல்லாம் அந்த எட்டில்தான் இருக்கிறது.

8 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 0.15 விநாடி. கோடு அதைப்போல் மூன்று மடங்கு. 'க்யூ' எழுத்து கோடு, கோடு, புள்ளி, கோடு. முழுதாக ஒலித்து முடிய ஏறக்குறைய 2 விநாடி ஆகும். அவ்வளவு நேரம் கிடைத்தால் மனம் சும்மா இருக்குமா? எண்ண ஆரம்பித்துவிடும். மூன்று கோடு, நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் மனதுக்குள் அட்டவணையைத் தேடல். நண்பர் இப்படித்தான் சுவரில் அட்டவணை ஒட்டி, தேர்வுக்கு முந்தைய இரவுவரை எண்ணியே தேறினார். ஆனால் அலைவரிசையில் பழகிய கைகள் 20 சொல் வேகத்தில் போகின்றன. அங்கே அதே 'க்யூ' 0.8 விநாடிக்குள் முடிந்துவிடும். எண்ணுகிறவர் இரண்டாம் கோட்டிலேயே தொலைந்துபோவார். தேர்வுக்காகப் பழகிய எண்ணும் வழக்கமே மேலே ஏற விடாத முட்டுக்கட்டை. நண்பருடைய மோர்ஸ் கீ (தட்டி அனுப்பும் கருவி) இன்றும் அலமாரியில் உறைபோட்டு இருக்கிறது.

எனக்குத் தேர்வு அவசரம் இல்லை. கோக் (Koch) என்பவர் பெயரில் உள்ள முறையில், முதல் நாளே 20 சொல் வேகத்தில், 'கே', 'எம்' என்ற இரண்டே எழுத்தோடு ஆரம்பித்தேன். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகுதான் அடுத்த எழுத்து. எண்ண நேரமே இருக்காது. 'க்யூ' என்றால் 'டா-டா-டி-டா' என்று ஒரு மெட்டாகக் காதில் பதிந்துவிடும். எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஜெனரல் தேர்வின் 8 சொல்தான் எரிச்சலாக இருந்தது, இழுத்து இழுத்துப் பேசுகிறவரிடம் மாட்டிக்கொண்டது போல.

மோர்ஸ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்கு அலைவரிசையில் 2,400 ஹெர்ட்ஸ் அகலமாவது வேண்டும், மோர்ஸுக்கு 150 போதும். கையால் பற்றவைத்த 5 வாட் கருவியில் கடல் தாண்டுகிற சுகம் தனி. 2017இல் எஃப்.டி.8 என்ற கணினி வழித் தொடர்பு முறை வந்த பிறகு மோர்ஸைவிடப் பலவீனமான குறிப்பலையையும் கணினி பிடித்துவிடுகிறது. ஆனால் அதில் அளவளாவ முடியாது, அழைப்புக்குறியும் குறிப்பலையின் பலத்தைச் சொல்லும் எண்ணும் மாறிக்கொண்டால் முடிந்தது.

என் பக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கட்டாயம் இல்லாததால் இரண்டு வருடம் நான் மோர்ஸைத் தொடவே இல்லை. தொடாமலே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றுகிறது. பேரிடர் வேலையில் மோர்ஸ் எவ்வளவு கைகொடுக்கும் என்று அனுபவத்தில் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. பயிற்சி ஒத்திகைகளில் இருந்திருக்கிறேன், அங்கே எல்லாம் பேச்சுதான்.

ஆனாலும் புதிதாக வருகிறவர் கேட்டால், முதலில் மோர்ஸ் இல்லாத உரிமம் வாங்குங்கள் என்றே சொல்வேன். போன மாதம் நண்பர் வீட்டுக்கு வந்து, "எனக்கும் அந்தக் கே, எம் பாடத்தை ஆரம்பி" என்றார். மூன்று வாரம் ஆகிறது. விரல் இன்னும் மேசைமேல் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.